ஐம்பதில் ஒருவர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை கை வரமாட்டேன் என்கிறது.

நீ பார்த்துக் கொடுத்த வரன், உன் கொழுந்தன் மகன், போன வாரம் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. "ஏதாவது கேட்கணுமாம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஒரு மரியாதைக்குக் கேட்டார். என் மகள் மரபியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், சும்மா இருப்பாளா? "ரத்தப் பரிசோதனை பண்ணியாச்சா?" என்று மாப்பிள்ளையையே நேராகக் கேட்டுவிட்டாள். அந்த அம்மா, "எங்க வம்சத்துல யாருக்கும் ஒரு குறையும் கிடையாது" என்றார். இவள் விட்டால்தானே! "பிறவி ரத்தசோகை பத்தாயிரம் பேர்ல ஒருத்தருக்குத்தான் வரும் ஆன்ட்டி. ஆனா ஐம்பதுல ஒருத்தர் அதை வெளியே தெரியாம சுமந்துகிட்டு நல்லாவே இருப்பாங்க. அப்படி ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கிட்டா, பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து" என்று பாடமே நடத்திவிட்டாள். மாப்பிள்ளையின் தாய்மாமா அங்கேயே தலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் அந்த நோயின் பெயரைக் கைபேசியில் குறித்துக்கொண்டார். வைத்த காபி வைத்தபடி இருக்க, எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

வந்த கோபத்தில், நம் ரத்தம் எவ்வளவு சுத்தம் என்று இவளுக்குக் காட்டுகிறேன் பார் என்று நானே பரிசோதனைக்குக் கையை நீட்டினேன். அக்கா, நான் சுமக்கிறேன். ஒரு நாள் காய்ச்சல் என்று படுக்காதவன், அந்த ஐம்பதில் ஒருவன் நான்தானாம். அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். அவளோ, "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. தாத்தாவோ பாட்டியோ கொடுத்ததுதான், அத்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு" என்று ஆறுதல் சொல்கிறாள். கோபித்துக்கொள்ளாதே, இது அவள் சொன்னது.

நல்ல இடம் கைநழுவிப் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. சின்னப் பெண் ஏதோ விளையாட்டாகக் கேட்டுவிட்டாள் என்று சொல்லி, எப்படியாவது அவர்களைச் சமாதானப்படுத்து. என் விஷயம் பற்றி மூச்சு விடாதே.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

உன் தம்பி

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்யாதே. உறையை ஒட்டப்போகும்போது மாப்பிள்ளை தனியாக வந்து நின்றார், கையில் பரிசோதனை முடிவு. அவரும் சுமக்கிறார். என் முடிவு வந்த பிறகு நம்மவளும் பரிசோதித்துக்கொண்டாளாம், அவள் சுமக்கவில்லை. "ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா குழந்தைக்கு நோய் வராது" என்று இவள் சொல்ல, "அப்ப எனக்குச் சம்மதம். உங்களுக்கு?" என்றார். சரி என்றுவிட்டாள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அதை நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம்.