அன்புடன் அழிந்த முன்பதிவு

சனிக்கிழமை காலை பத்து மணி. சுவீடனின் உப்சாலா நகரத்து அடுக்குமாடி ஒன்றில், குடியிருப்போர் சங்கத் தலைவி குன்வோர் அழுக்குத்துணிக் கூடையோடு ருட்கரின் கதவைத் தட்டினார்.

"என் சலவை நேரம் எங்கப்பா? என் பேரு இருக்க வேண்டிய இடத்துல, 'பஞ்சையும் எடுத்துவிட்டுப் போகவும், அன்புடன்'னு இருக்கு! காலின்னு நினைச்சு, சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற சிக்ஸ்டென் உள்ள போயி ஆறு விரிப்பு போட்டுட்டாரு!"

எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை அறையின் முன்பதிவுக்கு, இரண்டு வருடங்களுக்கு முன் டேட்டாபேஸ் எழுதிக் கொடுத்தவன் ருட்கர். திறந்து பார்த்ததும் அவனுக்குக் காது சூடாகிவிட்டது. முன்பதிவோடு மற்றவர்களுக்குக் குறிப்பு எழுத நூறு எழுத்துக்கு இடம் விட்டிருந்தான். நூறைத் தாண்டுகிறதா என்று அளந்து பார்க்கத்தான் மறந்துவிட்டான். மிஞ்சிய எழுத்துகள் வழிந்துபோய்ப் அடுத்த முன்பதிவின் பெயரை அழித்திருந்தன.

"சின்ன ஓட்டைதான்க்கா. அடைச்சிடறேன்."

"வியாழக்கிழமை கூட்டத்துக்குள்ள அடை. இல்லேன்னா உன் டேட்டாபேஸைத் தூக்கிட்டு, பழையபடி சுவத்துல பேர் எழுதற அட்டை மாட்டிடுவோம்."

இடத்தை இருநூறாக்கினான். இடம்தான் இருக்கிறதே என்று எல்லோரும் நீட்டி முழக்கினார்கள். இப்போது இரண்டிரண்டு பெயராக அழிந்தது.

இருநூறுக்கு மேல் போனால் வெட்டும்படி செய்தான். வெட்டுப்பட்டதெல்லாம் கடைசியில் வரும் 'அன்புடன்'கள்.

"மாடிக்காரி என்னை மிரட்டறாப்பா!" என்று குன்வோர் பொருமினார். "மெஷின் வடிகட்டியைத் துடையுங்கள்னு மொட்டையா முடிக்கிறா. அன்பும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

மூன்று குடும்பங்கள் பேச்சை நிறுத்தின. முன்பும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. இப்போது வேண்டுமென்றே பேசவில்லை.

வெட்டுவதை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வீடு அறிவிப்பு ஒட்டினான் ருட்கர்: 'தயவுசெய்து இருநூறு எழுத்துக்கு மேல் எழுதாதீர்கள். எழுதினால் அடுத்தவர் முன்பதிவு அழிந்து, அந்த நேரம் காலியாகிவிடும்.'

மறுநாள் காலை திரையில் ஒரு பெயர்கூட இல்லை. வேண்டிய நேரத்தைக் காலியாக்க ஆளாளுக்கு இருநூறைத் தாண்டியிருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை அன்புடன், அன்புடன், அன்புடன்.

வியாழக்கிழமை கூட்டத்தில் காபி ஊற்றியபடியே குன்வோர் கேட்டார். "டேட்டாபேஸ் வேணாம்ங்கறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் எழுந்தன. முதலில் எழுந்தது சிக்ஸ்டெனின் கை.

ருட்கர் அவர் பக்கம் திரும்பினான். "நீங்களுமா சார்? இந்தக் கட்டடத்துலயே இதைப் பத்தி ஒரு புகார்கூட சொல்லாதவர் நீங்க ஒருத்தர்தானே?"

"எதுக்குத் தம்பி சொல்லணும்? ரெண்டு வருஷமா எனக்கு மட்டும் தெரிஞ்ச ஓட்டை. அதைப் போயி வீட்டுக்கு வீடு ஒட்டிட்டியே!"