பெடல் செத்த ஞாயிற்றுக்கிழமை

பொய் சொல்ல வெறும் தைரியம் போதாது. கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டும் உண்டு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டு பீரோவை நான் தூக்கப் போவதில்லை என்று சனிக்கிழமை சாயங்காலமே முடிவு கட்டிவிட்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஒரு மூன்றாம் மாடியிலிருந்து இன்னொரு மூன்றாம் மாடிக்கு வீடு மாறுகிறார். இரண்டிலும் லிஃப்ட் கிடையாது. அதே நாளில்தான் எங்கள் இசைக்குழுவுக்குக் கடைசி ஒத்திகை. டிரம்ஸ் வாசிப்பவனுக்கு டமாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பாடுவது எங்கள் ஆபீஸ் காஷியர். கிடார் நான். அடுத்த வாரம் முதல்முறையாக மேடை ஏறுகிறோம். ஒத்திகை பார்க்காமல் ஏறினால் கூடவே மானமும் கப்பல் ஏறிவிடும்.

ஒத்திகை என்று சொன்னால் என் மனைவிக்கு அது விளையாட்டு. ரிப்பேர் என்று சொன்னால் வேலை. அவள் வேலைக்கு மரியாதை கொடுப்பவள்; ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதனால் கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடலைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். காலால் ஒரு மிதி. விளக்கு எரியவில்லை. இன்னொரு மிதி. ஊஹும்.

பெடல் செத்துவிட்டது, நாளை முழுக்க வீட்டில் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும், குறைந்தது ஆறு மணி நேரம் ஆகும் என்று துக்கக் குரலில் சொன்னேன். ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அண்ணனிடம் சொல்லப் போகிறாள், பிழைத்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கைப்பையை மாட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து பெடல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நோயாளியிடம் கேட்பது போலவே ஆரம்பித்தாள்.

"பேட்டரி நல்லா இருக்கா?"

இல்லை என்றால் புதுசு வாங்கி வந்துவிடுவாள். "போன வாரம்தான் மாத்தினேன்."

"அப்புறம் ஏன் விளக்கு எரியல? மிதிச்சா ஆன் ஆகணும்ல?"

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. விஷயம் தெரிந்தவனிடம் தப்பாக ஒன்றைச் சொன்னால் அவனால் சும்மா இருக்க முடியுமா? மிதிப்பது சத்தத்தை மாற்றத்தான், பவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். கிடார் ஒயரைச் செருகும் ஓட்டைக்குள்தான் சுவிட்ச் ஒளிந்திருக்கிறது. ஒயரைச் செருகினால் உள்ளே இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு பேட்டரி வேலை செய்யும். உருவினால் நின்றுவிடும். அதனால்தான் வாசித்து முடித்ததும் ஒயரை உருவி வைக்க வேண்டும் என்றேன்.

"ஒயர் இப்ப செருகித்தானே இருக்கு?"

"இருக்கு. ஆனா இதோ இங்க அடாப்டர் செருகியிருக்கேன் பாரு. அது உள்ள வந்தா பேட்டரியைத் தானா கழட்டி விட்டுடும். ரெண்டும் மோதிக்கக் கூடாதுல்ல? எவ்வளவு அழகான அமைப்பு தெரியுமா?"

"அடாப்டரோட அந்த முனை பிளக்குல மாட்டாம சோபாவுக்கு அடியில சும்மா கிடக்கே?"

"ஆமா."

"அப்ப இதை உருவிட்டா?"

"பேட்டரி மறுபடி..." என்று உற்சாகமாக ஆரம்பித்து அப்படியே நிறுத்தினேன்.

அவள் உருவினாள். மிதித்தாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஆறு மணி நேர வேலை ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது. உங்களுக்குக் கைராசிங்க. செருப்பைப் போடுங்க."

வழி நெடுக என்னை நானே தேற்றிக்கொண்டேன். போனால் போகட்டும். ஒரு மணி நேரம் இடுப்பொடியத் தூக்கிவிட்டு டமாரம் வீட்டுக்கு ஓடிவிடலாம். காஷியரும் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். ஒத்திகையைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை மச்சான் வீட்டு இரண்டாம் மாடிவரை இருந்தது.

மூன்றாம் மாடி வாசலில் டமாரமும் காஷியரும் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணி நேத்தே சொல்லிட்டாங்க" என்றான் டமாரம், மூச்சு வாங்க. "பெடல் போச்சு, ஒத்திகை இல்லன்னு. நீ மனசு ஒடிஞ்சு கிடக்கே, போன் பண்ணாதீங்கன்னும் சொன்னாங்க. சரி, சும்மாதானே இருக்கோம்னு வந்துட்டோம்."

கனமான பக்கத்தை எனக்காக விட்டுவைத்திருந்தார்கள்.