சிலிண்டர் வரிசையில் என் இரண்டு நாள் ஆட்சி

இந்த நாட்டை என்னிடம் ஒப்படைத்தால் ஆறே மாதத்தில் சரிசெய்துவிடுவேன் என்று ஒரு காலத்தில் மனதார நம்பினேன். (சிரிக்காதீர்கள், நீங்களும் சலூனில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருப்பீர்கள்.) இப்போது நம்புவதில்லை. காரணம், எனக்கு ஆட்சி கிடைத்தது. இலங்கை மலையகத்து ஹட்டனில், ஒரு கேஸ் வரிசையில், முழுசாக இரண்டு நாள்.

கேஸ், பெற்றோல், பால்மா எல்லாம் ஒன்றாகக் காணாமல் போன காலம் அது. வாகனம் சரியாக ஓடாததால் பள்ளிக்கூடங்களையும் மூடிவிட்டார்கள். வாத்தியாரான நான் வீட்டில் சும்மா இருந்தேன். எனக்கும் செல்விக்கும் கல்யாணமாகி மூன்று மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பாவும் அம்மாவும் கந்தப்பளையிலிருந்து முதல்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. பெண் பேசும்போதே மாமனார், "மாப்பிள நல்லா பேசுறாரு. வேலவெட்டி பாப்பாரா?" என்று கேட்டவர். அதற்குக் கோழிக்கறியால் பதில் சொல்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். வியாழக்கிழமை கேஸ் தீர்ந்துபோனது. நாங்கள் இருந்ததோ மாடியில் வாடகை வீடு. விறகு எரித்தால் வீட்டுக்காரர் சட்டி பானையோடு எங்களையும் வெளியே வைத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வெறும் சிலிண்டரில் சிவப்புப் பெயின்டால் என் பெயரைப் பெரிதாக எழுதித் தூக்கிக்கொண்டு போனேன். பதினான்காவது இடம். ஆனால் அந்த வரிசையில் நின்றது சிலிண்டர்கள்தான், ஆட்கள் இல்லை. வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், புதிதாக வருகிறவர்கள் நடுவில் செருகிவிடுகிறார்கள், பிறகு திட்டும் கூச்சலும். எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரட்டு!

தேயிலைத் தோட்டத்தில் காலையில் மலைக்கு அனுப்புமுன் எல்லோரையும் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. அதற்கு நேரமாகிவிட்டது என்று அம்மா சாப்பிடாமல் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். பெரட்டு என்பது அடிமை முறை என்று மே தின மேடையில் தொண்டை கட்டக் கத்தியவனும் நான்தான். அந்த நான் ஒரு கொப்பியை எடுத்து எல்லோர் பெயரையும் எழுதி, சட்டம் போட்டேன். பகலில் நினைத்த நேரத்தில் பெயர் கூப்பிடுவோம். பதில் வராவிட்டால் சிலிண்டர் கடைசிக்குப் போகும்.

ஆச்சரியம், ஒத்துக்கொண்டார்கள். முதலில் மாட்டியவர் பேக்கரியில் வேலை செய்யும் தங்கவேல் அண்ணன். டீத்தண்ணி குடிக்கப் போயிருந்தார், இரண்டு நிமிடம்கூட இருக்காது. மூச்சு வாங்க ஓடி வந்து நின்றார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாண்ணே" என்று சொல்லி அவருடைய சிலிண்டரை நானே கடைசிவரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அன்று வீட்டுக்குப் போனபோது என் நடையே மாறியிருந்ததாகச் செல்வி இன்றும் சொல்வாள்.

சனிக்கிழமை, யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர் எங்கள் வரிசையின் ஒழுங்கைக் கேள்விப்பட்டு வந்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். கொப்பியை மேரி அக்காவிடம் கொடுத்தேன். மரக்கறி விற்கிறவர், குரல் அடுத்த மலைக்குக் கேட்கும், நேர்மையென்றால் அப்படி ஒரு நேர்மை. பிறகு ரோட்டோரம் வெளிச்சமாக ஓர் இடம் பார்த்து நின்று, விரலை நீட்டிப் பேச ஆரம்பித்தேன். அந்த இரண்டு வார்த்தை முடிய இருபது நிமிடம் ஆனது.

திரும்பி வந்தால் லொறி நிற்கிறது. பதினான்காவது இடத்தில் என் சிலிண்டர் இல்லை. தங்கவேல் அண்ணனுக்கும் பின்னால், கடைசியில் கிடந்தது.

"அக்கா, நான் இங்கனதான நின்னேன்?"

"மூணு தடவ கூப்பிட்டேன் சார். நீங்க நாட்டப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

லொறியிலிருந்த கடைசி சிலிண்டர் தங்கவேல் அண்ணனுக்குப் போனது. எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் அதைத் தோளில் தூக்கி, இரண்டடி நடந்து, நின்று திரும்பினார். "வீட்டுல கைப்புள்ள இருக்கு தம்பி. இல்லாட்டி ஒங்களுக்குக் குடுத்திருப்பேன்" என்றார். கேலி செய்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மாமியாரும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். கையில் மூன்று அடுக்குச் சட்டி. முந்தின நாளே செல்வி போன் பண்ணிவிட்டாளாம். என் வீட்டு விருந்து கந்தப்பளைத் தோட்டத்து லயத்து வீட்டு விறகடுப்பில் வெந்து வந்திருந்தது. கோழிக்கறி பிரமாதம். மாமனார் கை கழுவிவிட்டு வந்து சாவகாசமாகப் போனை எடுத்தார்.

திரையில் நான். "கண்காணிப்பு இல்லாததால்தான் இந்த நாடு இப்படி இருக்கிறது. நம்முடைய பொருளை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று முழங்கிக்கொண்டிருக்கிறேன். மாமனார் விரலால் திரையின் ஓரத்தைக் காட்டினார். "மாப்பிள, பின்னால பாருங்க."

என் தோளுக்குப் பின்னால், சிவப்பு எழுத்தில் என் பெயரோடு ஒரு சிலிண்டர் இடப்பக்கமிருந்து வலப்பக்கமாக மெல்ல உருண்டு போகிறது. உருட்டுகிறவர் மேரி அக்கா. மாமியார் சிரித்ததில் புரையேறிவிட்டது. மாமனார் அதை இன்னும் மூன்று தடவை போட்டுக் காட்டினார். சிரித்துச் சிரித்துச் செல்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் நாற்காலியை விட்டு இறங்கினார்கள், ஏறினார்கள். டிவியில் யார் பேசினாலும் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. தோளுக்குப் பின்னால்தான் பார்க்கிறேன், யாருடைய சிலிண்டர் எங்கே உருண்டுகொண்டிருக்கிறது என்று.

ஆனாலும் பழக்கம் விடுமா? போன வாரம் செல்வி கடைக்குப் போயிருந்தாள். அடுப்புப் பொறுப்பு என்னுடையது. டிவியில் யாரோ பேசினார்கள், நான் எழுந்து நின்று, "இதையே என்கிட்ட குடுத்திருந்தா..." என்று தொடங்கினேன். கீழே உட்கார்ந்து பென்சிலால் படம் கீறிக்கொண்டிருந்த என் மூன்று வயது மகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அப்பா, பின்னால பாருங்க."

பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.