உதறக்காவும் ஒரு படி கிளிமூக்கும்

திண்டுக்கல் மாவட்டத்தில் உதறக்காவை ஏமாற்றி எல்லை தாண்டிய நெல்மணி ஒன்றுகூடக் கிடையாது. எமனே வந்திருந்தாலும் வேட்டியை உதறிவிட்டுத்தான் உள்ளே போயிருப்பான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. சின்னாளப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடந்தால், சிறுமலையைப் பார்த்தபடி ஓர் இயற்கைப் பண்ணை. பழைய நெல் ரகங்களைச் சின்னச் சின்னப் பாத்திகளில் வளர்த்து, விதையைக் காப்பாற்றி வந்தார்கள். ஒரு ரகத்தின் மணி இன்னொன்றில் விழுந்தால் இரண்டும் கெட்டது. அதனால் ஒரு களத்திலிருந்து அடுத்த களத்துக்குப் போகிற எவரும் உடுப்பை உதற வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே பிறந்தவர் மாதிரி அக்கா நிற்பார். வயது முப்பத்தைந்து இருக்கும். குரலுக்கு மட்டும் நூறு ஆள் பலம்.

ஒருநாள் ஒரு வேளாண்மை அதிகாரி ஜீப்பில் வந்தார்.

"சார், செத்த நில்லுங்க. பேன்ட்டு மடிப்ப விரிங்க."

"நான் டிபார்ட்மென்ட்டும்மா!"

"டிபார்ட்மென்ட்டாவே இருங்க, வேணாம்னா சொன்னேன்? நெல்லுக்கு அது தெரியாதுல்ல."

மடிப்பிலிருந்து மூன்று மணி விழுந்தது. அடுத்த தடவை அவர் வேட்டியில் வந்தார்.

பண்ணை நாய்கூட, "உதறு" என்றதும் நின்று, தலை முதல் வால் வரை உதறிவிட்டுத்தான் வரப்பைத் தாண்டும். அக்காவின் தம்பி கல்யாணத்தில் எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க, இவர் தரையைப் பார்த்தாராம். கெட்டிமேளத்தையும் மீறி, "ஏலே, அட்சதையில ரெண்டு ரகம் கலந்து கெடக்குடா!" என்று கத்தினாராம்.

2003 ஐப்பசியில் அங்கே ஒரு மாதம் தங்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். தாவரவியல் பட்டம், பையில் ஒரு லென்ஸ், நாட்டு நெல்லைக் காப்பாற்றவே பிறந்தவன் என்ற நினைப்பு. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏ அப்பு, சட்டப் பையில என்ன?"

"லென்ஸ்க்கா."

"அதையும் உதறு."

மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம். களத்தில் விரித்த இரண்டு சாக்குகள் மேல் விதைநெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்று அறுபதாம் குறுவை. இன்னொன்று ஆயக்குடிப் பக்கம் ஒரு சம்சாரியிடம் கடைசியாக மிஞ்சியிருந்த குறுவை. பெயர் தெரியாததால் 'கிளிமூக்கு' என்று அக்காவே வைத்திருந்தார். உலகத்தில் அதற்கு இருந்த விதை அந்த ஒரு படிதான் என்பார்.

திடீரென்று சிறுமலைப் பக்கம் இருட்டியது. களத்தில் நான் மட்டும். எங்கள் வீட்டில் நெல் என்றால் நெல், நனையாமல் இருந்தால் சாமி புண்ணியம். ஓடினேன். இரண்டு சாக்கையும் ஒரே தார்ப்பாயில் கவிழ்த்து, மூட்டையாகக் கட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொட்டகைக்குள் பாய்ந்தேன். ஒரு மணிகூட நனையவில்லை.

"பாத்தீங்களாக்கா! அம்புட்டையும் காப்பாத்திட்டேன்!"

அக்கா மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். ஒரு கை அள்ளி, கலந்து கிடந்த மணிகளை விரலால் விலக்கிப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லென்ஸை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நெல்லாகத்தான் தெரிந்தது. அக்கா ஒரு மணியை எடுத்து, கண்ணை மூடி, விரலில் உருட்டினார்.

"நுனி துளி வளஞ்சா கிளிமூக்கு. நேரா இருந்தா அறுவதாங் குறுவை."

நம்பாமல் ஐந்து மணிகளை நீட்டினேன். மூடிய கண்ணோடு பிரித்து வைத்தார். லென்ஸில் நெடுநேரம் பார்த்த பிறகு எனக்கும் தெரிந்தது. ஐந்தும் சரி. லென்ஸை மடித்துப் பைக்குள் போட்டேன்.

மறுநாள் கலந்த நெல்லைச் சொளகில் பரப்பிக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தார். ஒவ்வொரு மணியாக ஐந்து நாள். என்னால் தாங்க முடியவில்லை.

"ரெண்டு திட்டாவது திட்டிருங்கக்கா."

"திட்டுனா வெரலு பிசகிரும். கம்முன்னு இரு."

"இந்த மணி எது? ஒங்களுக்கே கொழப்பமா இருக்கு போல."

"கொழப்பமா இருந்தா அது வெதையில்ல அப்பு, சோறு."

கடைசியில் தேறியது ஓர் ஆழாக்கு, படியில் எட்டில் ஒரு பங்குதான். மிச்சத்தைக் குத்தி உலையில் போட்டார்கள். பண்ணையே இரண்டு நாள் சந்தேகத்தைச் சாப்பிட்டது. தையில் விதைத்து, கதிர் வந்தால்தான் கிளிமூக்கு பிழைத்ததா, என்னோடு போனதா என்று தெரியும். தலையைக் குனிந்தபடி ஊர் திரும்பினேன்.

பங்குனியில் கார்டு வந்தது, யாரோ எழுதிக் கொடுத்தது: 'கதிர் வாங்கிருச்சு. ஒன்னைய வரச் சொல்லுது அக்கா.'

போனேன். பாத்தி முழுக்க ஒரே உயரம், ஒரே நிறம், சீப்பால் வாரிவிட்ட மாதிரி. நடுவில் ஒரே ஒரு பயிர் மட்டும் ஒரு சாண் ஓங்கி நின்றது. அதன் தலையில் பழைய சுங்குடிச் சேலைத் துணியால் முக்காடு போட்டுக் கட்டியிருந்தது.

"என்னக்கா இது?"

"அறுவதாங் குறுவை. ஒண்ணே ஒண்ணு எங்கண்ணுக்குத் தப்பிருச்சு. பத்து நாளைக்கு முன்ன தலை நீட்டுச்சு. பூ பறந்து மத்ததுல ஒட்டிறக் கூடாதுல்ல, அதான் மூடிக் கட்டிட்டேன்."

"பிடுங்கிப் போட்டிருக்கலாமே?"

"போட்டுருக்கலாம். நீ வந்து ஒன் கையால புடுங்குனாத்தானலே ஒனக்குக் கலந்துட்டோமேங்குற நெனப்பு போகும்."

இறங்கிப் பிடுங்கினேன். வேரோடு வந்தது.

பாத்தியில் வேறு ரகம் தலைநீட்டினால் ஒரு நிமிஷம் பொறுக்காத கை அது. எனக்காகப் பத்து நாள் பொறுத்திருக்கிறது.