தோற்கத் தெரியாத பதினொரு பேர்

"ஜெயிச்சுட்டோம் சார்!" என்று தொலைபேசியில் கத்தினான் கோல்காப்பாளன் ஹமாசாகி.

நிராசவா தலையில் கைவைத்துக்கொண்டார். எதிரே நின்ற ஆலை மேலாளர் ஒகிமோட்டோ ஆவலோடு குனிந்தார். "என்னய்யா, தோத்துட்டாங்களா?"

"இல்ல சார். ரெண்டுக்கு ஒண்ணு. நம்ம பசங்க ரெண்டு."

"நாசமாப் போச்சு!"

மீனை அரைத்து, அவித்து, கட்டியாக்கி விற்கும் ஆலை அது. துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சிற்றூரில் வேறு வேலை கிடையாது. வேலை பார்ப்பவர்கள் எழுபது பேர். அதில் பதினெட்டு பேர் பந்தாடுகிறவர்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அணியை ஆரம்பித்தவரே நிர்வாகப் பிரிவு நிராசவாதான். ஏப்ரல் கடைசியில் மாகாணக் கோப்பையை வென்று, நாடு முழுக்க நடக்கும் பேரரசர் கோப்பைக் கால்பந்துக்குள் நுழைந்தபோது, ஆலைக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர். மே மாதம் முதல் சுற்றோடு திரும்பிவிடுவார்கள் என்றுதான் அவரும் நினைத்தார்.

"ரெண்டாம் சுற்று என்னிக்கு?" என்றார் ஒகிமோட்டோ.

"ஜூன்ல. புதன்கிழமை."

"புதன்கிழமைதானேய்யா பெரிய கடைகளுக்கெல்லாம் சரக்கு போகுது! போன வருஷம் தலைமை அலுவலகத்துக்காரங்க பக்கத்து ஊர் ஆலைய இழுத்து மூடினாங்க. நாம ஒரு தடவை தாமதம் பண்ணினா அடுத்தது நாமதான். பசங்க மரியாதையா தோத்துட்டு வரட்டும். எப்படின்னு நீங்களே பாத்துக்கங்க."

நிராசவா பார்த்துக்கொண்டார். அணித்தலைவன் குஸுமி முப்பத்தைந்து வயதுக்காரன். அவிக்கிற பிரிவில் வேலை. அணியின் கோல்களில் பாதி அவன் காலிலிருந்து வந்தவை.

"அந்தப் புதன் அவிக்கிற கூடத்துல உன்னை விட்டா ஆள் இல்லப்பா" என்றார் அவனிடம்.

"சார், எதிர்ல தொழில்முறை அணி சார்!"

"அதனாலதான் சொல்றேன். நீ போனாலும் அதேதான் நடக்கும்."

குஸுமிக்குப் பதிலாக இறங்கியவன் சரக்கு ஏற்றும் பிரிவின் சுபோவுச்சி. ஆறு வருஷமாக மாற்று ஆட்டக்காரர் பெஞ்சைத் தேய்த்தவன். எண்பத்தெட்டாவது நிமிஷம் அவன் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். யாரோ ஓங்கி உதைத்த பந்து அவன் பின்பக்கத்தில் பட்டு கோலுக்குள் போய் விழுந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். அன்று மாலை தொலைக்காட்சியில் சுபோவுச்சியின் பின்பக்கத்தை ஒன்பது முறை காட்டினார்கள்.

அவிக்கிற கூடத்தில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த குஸுமி கோல் என்றதும் குதித்தான். ஆவியை நிறுத்த மறந்தான். முந்நூறு தட்டு மீன்கட்டி செருப்பு ரப்பராகிவிட்டது. அந்தப் புதன் சரக்கே போகவில்லை.

"ஆளைப் போகவிட்டிருந்தா பாதி சரக்காவது போயிருக்கும்" என்றார் ஒகிமோட்டோ, ஒரு கட்டியைக் கடிக்கப் பார்த்துத் தோற்று.

மூன்றாம் சுற்று ஜூலையில். எதிரணி தொழில்முறை லீகின் முதல் பிரிவு. "கோல் மழை பொழிஞ்சிடுவாங்க சார், கவலைய விடுங்க" என்றார் நிராசவா. ஆனாலும் ஒரு பாதுகாப்புக்கு, ஊரிலேயே கிழட்டுப் பேருந்தாகப் பார்த்து ஏற்பாடு செய்தார். அது அவர் எதிர்பார்த்தபடியே மைதானத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் புகைவிட்டு நின்றது. பையன்கள் இறங்கி ஓடினார்கள். போய்ச் சேர்ந்தபோது உடம்பு நன்றாகச் சூடேறியிருந்தது. போதாததற்கு மழை வேறு. லட்சணமான முதல் பிரிவு வீரர்கள் வழுக்கி வழுக்கி விழ, மீன்தண்ணீர் தேங்கிய தரையில் பத்துப் பதினைந்து வருஷம் நின்று வேலை செய்த கால்கள் ஒருமுறைகூட வழுக்கவில்லை. பெனால்டியில் ஜெயித்தார்கள்.

ஊர் முழுக்கப் பதாகை. நாலு தொலைக்காட்சி நிறுவனங்கள் ஆலைக்குள் புகுந்து படம்பிடிக்க, அரைநாள் இயந்திரங்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

"தலைமை அலுவலகத்துலேர்ந்து ஒரு போன் இல்ல, ஒரு வாழ்த்து இல்ல" என்றார் ஒகிமோட்டோ. அவர் முகம் அவித்த கணவாய் போலிருந்தது. "திட்டினாக்கூட நிம்மதியா இருக்கும். இந்த அமைதி நல்லதுக்கில்லய்யா. இன்னொரு வெற்றிய இந்த ஆலை தாங்காது."

நிராசவா அன்று சாப்பாட்டு வேளையில் குஸுமியைக் குளிர்பதன அறைக்குப் பின்னால் கூப்பிட்டார். சொல்ல வந்ததைச் சொல்ல ஒரு சிகரெட் முழுக்கத் தேவைப்பட்டது.

குஸுமி சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"சார், இந்த அணிய ஆரம்பிச்சதே நீங்கதானே?"

"ஆமாம்ப்பா."

"என் முதல் காலணிய வாங்கிக் குடுத்ததும் நீங்கதான்."

"எழுபது குடும்பம், குஸுமி. உன் பொண்டாட்டியும் பொட்டலம் கட்டற பிரிவுலதான இருக்கா."

குஸுமி கடலின் பக்கம் திரும்பிக்கொண்டான். "பசங்களுக்குத் தெரியக்கூடாது" என்றான்.

"யாருக்குமே தெரியக்கூடாது."

ஆகஸ்டில் நான்காம் சுற்று. எண்பதாவது நிமிஷம்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது ஆலை அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. குஸுமி பந்தை வைத்தான். நாலடி பின்னால் போனான். உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே நாலு மாடி உயரத்தில் பறந்து, விளம்பரப் பலகையில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் மூக்கில் மோதியது. கடைசி நிமிஷத்தில் எதிரணி ஒன்று போட்டது.

ஹமாசாகி புல்லில் குப்புறக் கிடந்து அழுதான். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. குஸுமி ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய் இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டான். நிமிர்ந்தபோது அவர்களுக்கு நடுவே இருந்த நிராசவாவை ஒரே ஒரு முறை பார்த்தான். பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மறுநாள் மீன் ஏலக்கூடத்தில் ஒரு கிழவர், "உன்னை நம்பி நாலு பஸ் பிடிச்சு வந்தோமே! அது காலாப்பா, இல்ல மீன்கட்டியா?" என்று கேட்டாராம். குஸுமி, "மன்னிச்சிடுங்க தாத்தா" என்று மட்டும் சொன்னானாம். அன்று சாயங்காலமே காலணியை ஆலைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனான். நிராசவா அதை எடுத்துத் துடைத்துத் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை இயந்திரங்கள் நேரத்துக்கு ஓடின. லாரி நேரத்துக்குப் புறப்பட்டது. ஒகிமோட்டோ தன் கையாலேயே நிராசவாவுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"ஆலைய காப்பாத்திட்டீங்கய்யா."

நிராசவா கோப்பையைத் தொடவில்லை.

பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். குனிந்து வணங்கி, இரண்டு கைகளாலும் ஓர் உறையை நீட்டினாள். செப்டம்பர் முப்பதோடு ஆலை மூடப்படும் என்று இருந்தது.

"இனிமே தாமதமே ஆகாதும்மா!" என்று பதறினார் ஒகிமோட்டோ. "ஆட்டமெல்லாம் முடிஞ்சிருச்சு! தோத்தாச்சு! வேணும்னா பேப்பரைப் பாருங்க!"

அந்தப் பெண் குழப்பத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தாமதமா? அதை அங்க யாருமே பேசலையே சார். இந்தக் கடிதம் மே மாசமே தயார். கோப்பையில ஆடிட்டிருக்கிற ஆலைய மூடினா நாடே காறித்துப்பும், அவங்க தோக்கற வரைக்கும் கை வைக்காதீங்கன்னு கம்பெனித் தலைவர்தான் நிறுத்தி வச்சிருந்தார்."