முள்ளம்பன்றிப் பாட்டும் எட்டு நாள் மௌனமும்

இனி என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது என்று ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு முடிவு செய்தேன். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் நான் தனியாக எடுத்த மூன்றாவது முடிவு இது. முதல் இரண்டும் என்ன ஆயின என்று சொல்லப் போவதில்லை. அவையும் இப்படித்தான் ஆயின.

காரணத்தைச் சொல்கிறேன். பழைய கார்ட்டூன் படங்களில் குழந்தைகளுக்காக வந்த பாட்டுகளை இந்தக் காலத்துப் பாப் பாடகர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து புதிதாகப் பாடி வெளியிட்டார்கள். அன்றிலிருந்து ஊரில் நிம்மதி போயிற்று. முடி வெட்டப் போனால் அந்தப் பாட்டு. பஸ்ஸில் ஏறினால் அந்தப் பாட்டு. பல் பிடுங்கும் இடத்தில்கூட அந்தப் பாட்டு. அதில் ஐந்தாவது, முள்ளம்பன்றியும் பலூனும் பாடுவது. பலூன் கிட்டே வா என்று கூப்பிடும். முள்ளம்பன்றி, வந்தால் நீ வெடித்துப் போவாயே என்று நடுங்கிக்கொண்டே தள்ளி நிற்கும். எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது அந்தப் படத்தை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மகள் வளர்ந்து தூரத்து ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். பாட்டு மட்டும் என் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது.

பழைய பாட்டு இரண்டு நிமிடம் பத்து விநாடி. அதில் 'ஓ' என்று வருவது இரண்டே இடம். இப்போது நீல முடிக்காரப் பாடகியும் சட்டைக்குப் பொத்தானே போடாத ஒரு பாடகரும் அதை நான்கு நிமிடம் ஐந்து விநாடிக்கு இழுத்திருக்கிறார்கள். அதில் முப்பத்தாறு 'ஓ'. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். பொத்தான் கிடங்கில் முப்பத்தோரு வருடமாக இருப்பு பார்க்கிறவன். எண்ணாமல் எதையும் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி சொன்னாள். "என்னங்க, அடுத்த சனிக்கிழமை நம்ம குடியிருப்பு விழாவுல எல்லாரும் அந்தப் புதுப் பாட்டுகளைப் பாடறாங்களாம். நமக்கு அஞ்சாவது பாட்டு. பேர் குடுத்துட்டேன்."

"நமக்குன்னா?"

"எனக்கும் உங்களுக்கும். நீங்க முள்ளம்பன்றி."

பலூன் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு உயிர்மேல் ஆசை உண்டு.

"நான் மேடையில ஏற மாட்டேன்மா. உனக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் உங்களைக் கேக்காம பேர் குடுத்தேன்."

நான் மேடை ஏறியது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. கிடங்கில் இருபத்தைந்து வருடம் முடித்ததற்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு 'நன்றி' என்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். பயத்தில் எதிரே இருந்த நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியை வாயருகே நீட்டினார்கள். "நூற்றுப் பதினாறு" என்றேன். ஆறு வருடம் ஆகிறது. இன்னமும் சில பேர் என்னைப் பார்த்தால் அந்த எண்ணைச் சொல்லித்தான் வணக்கம் வைக்கிறார்கள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் யோசனை வந்தது. குரல் போய்விட்டால்? குரல் இல்லாதவனை யார் பாடச் சொல்ல முடியும்? ஏழு இருபதுக்குத் தொண்டையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன். காற்று மட்டும் விட்டேன்.

"அய்யய்யோ, குரல் போச்சா?" என்றாள். முகத்தில் உண்மையான கவலை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. "கிளம்புங்க, பத்து மணிக்கு டாக்டர் வந்துடுவாரு."

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் மனைவி வேலை பார்ப்பது காது மூக்கு தொண்டை டாக்டரிடம். பதினான்கு வருடமாக அங்கே முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவள் கூப்பிட்டால் காது கேட்காதவர்களும் எழுந்து வருவார்கள். உலகத்தில் எத்தனை நோய் இருக்கிறது! முதுகு வலி இருக்கிறது, மூட்டு வலி இருக்கிறது. நான் போய்த் தொண்டையைத் தேர்ந்தெடுத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை மூடியே கெட்டவன் நான் ஒருவன்தான்.

டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாக்கைப் பிடித்து இழுத்தார். நீளமான கம்பி. அதன் நுனியில் சின்னக் கண்ணாடி. "ஆ சொல்லுங்க" என்றார். சொன்னால் மாட்டிக்கொள்வேன். சொல்லாவிட்டால் கம்பி இன்னும் உள்ளே போகும். கண்ணில் நீர் வந்ததே தவிர 'ஆ' வரவில்லை. அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் மனைவியிடம் நான்கு நிமிடம் பேசினார். கதவு மூடியிருந்தது.

வெளியே வந்தவள் சொன்னாள். "ரொம்ப மோசமா இருக்காம். எட்டு நாள் மூச்சு விடக் கூடாதாம்."

திடுக்கிட்டேன்.

"அதாவது, பேச்சு மூச்சு. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாதாம். தலையாட்டறதையும் குறைச்சுக்கணுமாம், தொண்டை நரம்பு இழுக்குமாம்."

எட்டு நாள்! எண்ணினேன். அடுத்த சனிக்கிழமையோடு சரி. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அன்று மாலையே கீழ் வீட்டு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். விழாவை நடத்துகிறவர் அவர்தான்.

"என்ன அண்ணி, அண்ணனுக்குக் குரல் போச்சாமே! பாட்டு?"

"பாட்டு பாட்டா நடக்கும். நீங்க கவலைப்படாதீங்க."

அவள் கவலைப்படவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது ஆரம்பித்தாள். "என் தங்கச்சி ஒரு மாசம் வந்து தங்கட்டுமான்னு கேக்கறா. உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. சரி, வரச் சொல்லிடறேன்."

மௌனம் சம்மதம் என்று சொல்லி வைத்தவனை அன்று தேடினேன். திங்கட்கிழமை இதே முறையில் என் சாய்வு நாற்காலி வீட்டை விட்டுப் போயிற்று. செவ்வாய்க்கிழமை, நான் பதினெட்டு வருடமாகப் போட்டுவரும் பழுப்புச் சட்டை தரை துடைக்கும் துணியாயிற்று. துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தேன்.

"எழுதாதீங்க! எழுதும்போது மனசுக்குள்ள பேசுவீங்க. அதுவும் தொண்டையிலதான் உரசும்னு டாக்டர் சொன்னாரு."

பேனாவை வைத்துவிட்டேன். டாக்டர் சொன்னதை எப்படி மறுப்பது?

புதன்கிழமை ஒரு பழைய மழைக்கோட்டையும் குளிர்பானம் உறிஞ்சும் குழாய்கள் நிறைந்த பெட்டி ஒன்றையும் என் முன்னால் வைத்தாள். "வாய் சும்மா இருக்கும்போது கையும் சும்மா இருக்கணுமா? இதுல ஒட்டுங்க. விழாவுக்கு வேணும்." ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் அறுநூற்று நாற்பது குழாய் ஒட்டினேன். வரிசைக்கு இருபது, மொத்தம் முப்பத்திரண்டு வரிசை. ஒன்றுகூடக் கோணவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை அதை எடுத்து என் முதுகில் வைத்துப் பார்த்தாள். "ம், நிமிர்ந்து நில்லுங்க. உசரம் சரியா இருக்கு." பிறகு பாட்டைப் போட்டு, "முள்ளம்பன்றி ஒவ்வொரு 'ஓ'வுக்கும் ஒரு குதி குதிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பாட முடியாதவனைப் பாடச் சொல்ல முடியாது. குதிக்கச் சொல்லலாமே! குதிப்பதற்குக் குரல் எதற்கு? ஐம்பத்தெட்டு வயதில், முப்பத்தாறு குதி, முதுகில் அறுநூற்று நாற்பது முள். அதையும் என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன். பாட்டாவது நான்கு நிமிடம் ஐந்து விநாடியில் முடியும். இந்தக் கோலத்தைப் படம் பிடித்துவிட்டால் என்றைக்கு முடியும்? நூற்றுப் பதினாறையே அவர்கள் இன்னும் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சோறு இறங்கவில்லை. தொண்டை நிஜமாகவே அடைத்துக்கொண்டது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. குடியிருப்பின் கூடத்தில் திரைக்குப் பின்னால் நிற்கிறோம். ஓட்டை வழியாகப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு பேர். தரையில் குழந்தைகள் தனி. நான்காவது பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது. மனைவி மழைக்கோட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். பக்கத்தில் மெக்கானிக்.

அவள் என் பக்கம் ஒரு அடி வைத்தாள். அவ்வளவுதான்.

"எனக்குத் தொண்டைக்கு ஒண்ணும் இல்லைம்மா!" என்று கத்திவிட்டேன். "எட்டு நாளா நடிச்சேன்! பாடறேன், முழுப் பாட்டும் பாடறேன்! இதை மட்டும் எனக்கு மாட்டிவிடாதே!"

"அண்ணன் பேசறாரு!" என்றார் மெக்கானிக்.

"பேசுவாரு" என்றாள் மனைவி. முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. "கையைத் தூக்குங்க தம்பி." மெக்கானிக் கையைத் தூக்கினார். கோட்டை அவருக்கு மாட்டி, பொத்தான் போட்டாள். "இது உங்களுக்குன்னு நான் எப்பங்க சொன்னேன்? தம்பியும் உங்க உசரம்தானே."

"அண்ணி அன்னிக்கே சொல்லிட்டாங்க. குதிக்கறது நான், பாடறது நீங்கன்னு" என்றார் மெக்கானிக். சொல்லிக்கொண்டே ஒரு குதி குதித்துப் பார்த்தார். ஒரு முள்கூட உதிரவில்லை. நல்ல பசை.

ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. திரை விலகியது. ஓட வழியில்லை. முன்னால் தொண்ணூற்று நான்கு பேர், பின்னால் மனைவி. எண்ணிக்கையில் அவர்கள் அதிகம். பயமுறுத்துவதில் இவள் அதிகம். பாடினேன். குரல் நடுங்கியது. பொத்தான் போடாத பாடகர் அந்தப் பாட்டை வெண்ணெய் மாதிரி வழவழவென்று பாடியிருப்பார். ஆனால் முள்ளம்பன்றி பயந்த பிராணி. அது நடுங்கித்தான் பாடும். தரையில் இருந்த குழந்தைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்டார்கள். 'கிட்டே வராதே' என்று நான் மனைவியைப் பார்த்துப் பாடினபோது கூடமே எழுந்து நின்று தட்டியது. அந்த வரியை நான் நடிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் மூச்சு வந்தது. மெதுவாகக் கேட்டேன்.

"நான் நடிக்கறேன்னு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே டாக்டர் சொல்லிட்டாரு. தொண்டை சின்னப் பிள்ளைத் தொண்டை மாதிரி சுத்தமா இருக்குன்னு."

"அப்போ அன்னிக்கே கேட்டிருக்கலாமே! பயத்துல செத்துச் செத்துப் பிழைச்சேனே. எதுக்கு எட்டு நாள் என்னைப் பேசாம இருக்க விட்டே?"

சாவியைக் கதவில் திருகிக்கொண்டே சொன்னாள்.

"இருபத்தொன்பது வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் லீவுங்க. அதை யாராவது பாதியில ரத்து பண்ணுவாங்களா?"