கொதி பிடிக்கும் மஞ்சள் துணி

ஞாயிற்றுக்கிழமை என்றால் கொடிகாமத்தில் கொதிச்சாமி வீட்டு ஒழுங்கையில் ஆட்டோ திருப்ப இடமிருக்காது. ஒருவர் சாப்பிடுவதை இன்னொருவர் ஆசையோடு பார்த்தால் சாப்பிட்டவரின் வயிறு கெட்டுப்போகுமாம். அதற்குப் பெயர் கொதி. பார்த்தது யார் என்று கண்டுபிடிப்பதில் சாமி மன்னன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் ஓதின தண்ணீரைக் குடித்துவிட்டு, அயலவர் மேல் ஒரு கோபத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். வெளிநாட்டுக்காரருக்கு வீடியோவிலும் ஓதினார். வயிறு கனடாவில், தண்ணீர் கொடிகாமத்தில். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டதல்லவா!

அப்பேர்ப்பட்டவர் சிவசுப்பிரமணியம் வீட்டுக்கு நேரிலேயே வந்தார். கனடாவிலிருந்து வந்த தம்பி கஜானனுக்கு வைத்த விருந்துக்குப் பிறகு, வந்த சனத்துக்கெல்லாம் சத்தியெடுப்பும் வயிற்றோட்டமும். கஜானன் கக்கூசுக்கே குடிபெயர்ந்துவிட்டார்.

எல்லாரும் கொதி என்றபோது வீட்டுக்காரி மீனாம்பிகைக்கு மட்டும் கறிமேல் சந்தேகம். ஆட்டிறைச்சிக் கறி முதல்நாள் பின்னேரமே காய்ச்சியது. "பிரிட்ஜிலை வைப்பம்" என்று அவள் சொன்னதற்கு, "அதுக்குள்ளை தம்பிக்குப் பியர் கிடக்கு. கறி வெளியிலை கிடந்து ஊறட்டும்" என்றிருந்தார் கணவர். பியருக்குக் குளிர், கறிக்குப் புழுக்கம். மறுநாள் மத்தியானம் லேசாகச் சூடுகாட்டிப் பரிமாறினார்கள். கொதி என்றால் குற்றம் விருந்தாளியுடையது, கறி என்றால் வீட்டுக்காரருடையது. கொதி எவ்வளவு வசதி! உண்மையைச் சொன்னால், மீனாம்பிகைக்கும் அந்த வசதி கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

படுக்கையிலிருந்து எழும்பக்கூடியவர்கள் எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். மஞ்சளில் தோய்த்த வெள்ளைத் துணியைச் சாமி விரித்தார்.

"ஈரக் கையை வையுங்கோ. கொதிக்கண் உள்ளவையின்ரை கை பட்டால் துணி இரத்தமாய்ச் சிவக்கும்."

சொந்தக்காரர் எல்லாரும் வெறும் தண்ணீரில் கை நனைத்து வைத்தார்கள். துணி மஞ்சளாகவே இருந்தது. விருந்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு சுபாஜினியின் முறை வந்தது.

"நீர் வெளியாள். தீட்டுப் போகச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு, துடையாமல் வாரும்" என்று சாமி சவுக்காரத்தை நீட்டினார். தண்ணீரையும் அவரே வார்த்தார், அளவாக. அவள் கையை வைத்ததும் ஐந்து விரலும் சிவப்பாய்ப் பதிந்தன.

"பாத்தியளோ! நாங்களெல்லாம் வயித்தாலை போய்க் கிடக்க, உவளுக்கு மட்டும் ஒண்டுமில்லை!" என்று கத்தியது கூட்டம்.

"எனக்கு விரதம். நான் இறைச்சியைத் தொடவே இல்லை" என்று சுபாஜினி அழுதாள்.

"தின்னாமல் பாத்துக்கொண்டு இருந்தவளல்லோ? அதுதான் கொதி" என்று சாமி தீர்ப்பை எழுதி முடித்தார்.

சுபாஜினி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவள். கொதிக்கண்காரி என்ற பெயரோடு அவளுடைய இடியப்பத்தை எந்தக் கடை வாங்கும்? "அக்கா, நீங்களாவது சொல்லுங்கோவன்" என்று மீனாம்பிகையைப் பார்த்தாள்.

மீனாம்பிகை துணியைப் பார்த்தாள். கணவர் உடுத்த சாரத்தில் கறி சிந்தி, அந்த மஞ்சள் கறைக்குச் சவுக்காரம் போடும்போதெல்லாம் கிணற்றடியில் காண்கிற அதே சிவப்பு. அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரும் கண்ட சிவப்புத்தான். சாமி வந்ததும் கண்ணை மூடிக் கும்பிட்டதில் தெரியாமல் போய்விட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, நீங்களும் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வையுங்கோ" என்றாள் கணவரிடம்.

"எனக்கேன்? நான் வீட்டுக்காரன்."

"அப்ப பயமில்லைத்தானே."

வைத்தார். சிவந்தது. அவருடைய அக்கா வைத்தார். சிவந்தது. சாமி மெல்லத் துணியைச் சுருட்டத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த கஜானன், "நில்லுங்கோ சாமி, நீங்களும் ஒருக்கா" என்று அவர் கையில் சவுக்காரத்தைப் பூசித் துணியில் அமுக்கினார். சாமியின் கைதான் எல்லாவற்றையும் விட நல்ல சிவப்பு.

"அப்ப சாமிக்கும் கொதிக்கண்ணோ?" என்று யாரோ கேட்க, முற்றமே சிரித்தது. சாமி செருப்பையும் மறந்து ஓட்டம் பிடித்தார்.

"கொதியுமில்லை, ஒரு மண்ணுமில்லை" என்றாள் மீனாம்பிகை. "கறி இரவு முழுக்க வெளியிலை கிடந்தது. திண்டவைக்கு வயித்து வருத்தம், தின்னாதவளுக்கு இல்லை. பிழை எங்கடை. சுபா, மன்னிச்சுக்கொள்."

சிவசுப்பிரமணியம் தலையைச் சொறிந்தார். "தம்பிக்குப் பியர் குளிரவேணுமெண்டு..."

"அண்ணை, சூட்டுப் பியரெண்டாலும் நான் குடிச்சிருப்பன்" என்று சொல்லிவிட்டுக் கஜானன் மறுபடியும் கக்கூசுக்கு ஓடினார்.

கறி சாப்பிட்டவர்கள் படுத்தார்கள், சாப்பிடாதவள் எழும்பி நடந்தாள். இதற்குமேல் கறிச்சட்டி வாய் திறந்தா சொல்லும்? ஐயாமாரே, அம்மாமாரே, அடுத்தமுறை வயிறு கலக்கினால், அயலாளின் கண்ணை ஆராய முன்னர் உங்கள் அடுப்படியை ஆராயுங்கள். அதற்குச் சாமி தேவையில்லை. கொஞ்சம் மூளையும், பிழையை ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் முதுகெலும்பும் இருந்தால் போதும்.